விளக்கு எரிகிற தெரு: கடலோரத்தில் வீடு தேடிய ஒரு கொங்குக் குடும்பம் – நிகழ்வு ஆய்வு

பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஆறு ஏக்கர். தென்னை, மஞ்சள், இரண்டு மாடு. தோட்டத்துக்குள்ளேயே சாளை (தோட்டத்து வீடு), அதில் 64 வயதுக் கணவரும் 59 வயது மனைவியும் மட்டும். அடுத்த சாளை கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இல்லை. ஒரே மகனுக்குச் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் கணினி வேலை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், 2025-ல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபிறகு மகன் விடவில்லை. பண்ணையத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தன் வேலைக்கு அருகே கடலோரமாக ஒரு வீடு வாங்கி இருவரும் வந்துவிட வேண்டும் என்றார். கையிருப்பு, பதிவுச் செலவெல்லாம் சேர்த்து 85 லட்சம்.

இந்தக் குடும்பம் ஒரு கற்பனை மாதிரி. கொங்கு மாவட்டங்களிலிருந்து கடலோரம் வீடு தேடுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல்களை ஒரே குடும்பத்தின்மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். விதிகள், ஆண்டுகள், தொழில்நுட்ப அளவுகள் எல்லாம் உள்ளபடியே. மூன்று வீடுகளின் விவரமும் அங்கே எடுத்த எண்களும் மாதிரிக்கானவை.

அவர்கள் கேட்டது மூன்று: கடல் கண்ணில் பட வேண்டும், சுற்றிக் காம்பவுண்டு வேண்டும், வாசலில் செக்யூரிட்டி வேண்டும். தரகர்கள் அதைத்தான் காட்டினார்கள். காட்டிய வீடுகளில் பாதி, சாளையைவிடத் தனிமையானவை. தனிமைக்குப் பயந்து கிளம்பியவர்கள், கடலைப் பார்த்த மயக்கத்தில் இன்னொரு தனிமைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனார்கள். இந்த நிகழ்வில் படிக்க வேண்டிய இடம் அதுதான்.

கிழக்கா, மேற்கா என்ற பேச்சு முதலிலேயே வந்தது. கோவைக்கு மிக அருகிலுள்ள கடல் மேற்கேதான் இருக்கிறது. பாலக்காடு தாண்டினால் பொன்னானி, சாவக்காடு. தூரம் பாதிதான். ஆனால் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். கேரளத்து வருவாய்ப் பதிவில் ஒரு இடம் 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல். 'புரயிடம்' என்றால்தான் வீடு கட்டும் மனை. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. நம்ம ஊரில் எல்லாவற்றையும் நிலம் என்றுதான் சொல்வோம். மகனின் வேலையும் சென்னையில் என்பதால், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலைப் (ஈ.சி.ஆர்.) பகுதி என்று முடிவானது.

மூன்று வீடுகள்

முதல் வீடு ஈ.சி.ஆருக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி. ஊராட்சி எல்லை. ஒரு கிரவுண்டு மனையில் தரைத்தளமும் மாடியும். (கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, நம்ம கணக்கில் ஐந்தரை சென்ட். சென்ட் விலையில் பேசிப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுவார்கள்.) அலைக்கரையிலிருந்து 160 மீட்டர். மாடியில் நின்றால் கட்டுமரமும் ஃபைபர் படகும் தெரியும்.

இரண்டாவது, சாலைக்கு மேற்கே உப்பங்கழியை ஒட்டி 64 வில்லாக்கள் கொண்ட வளாகம். உயரமான சுவர், கேமரா, மூன்று ஷிப்ட் காவலர்.

மூன்றாவது, கடலிலிருந்து 1.1 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பேரூராட்சியின் பழைய தெருவில் 1996-ல் கட்டிய தனி வீடு. கடல் தெரியாது. வாசலில் காவலரும் இல்லை. விளம்பரத்தில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தண்ணீர் பின்னாலிருந்து வரும்

கடலோரம் என்றதும் கொங்கு ஆட்களுக்கு முதல் பயம் சுனாமி. 2004 டிசம்பர் 26-ஐ யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்துக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஊரில் நாற்பது வயது தாண்டிய யாரிடமாவது "அன்னைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க?" என்று கேட்டால் கோயில் படி, பள்ளிக்கூடச் சுவர் என்று கையைக் காட்டி அடையாளம் சொல்வார்கள். மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் அது நம்பத்தக்க கோடு. ஆற்று முகத்துவாரமும் கழிமுகமும் உள்ள இடங்களில் அலை அந்த வழியே வெகுதூரம் உள்ளே போனது. எனவே நேர்க்கோட்டில் கடல் எவ்வளவு தூரம் என்பது மட்டும் கணக்கல்ல. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸிலிருந்து 2007 முதல் சுனாமி எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு வழியாக மேட்டுக்குப் போவது, பல்நோக்குப் பாதுகாப்பு மையம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால் போதும்.

வருஷா வருஷம் வரும் ஆபத்து வேறு. அது முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றிய ஏரிகளிலும் விழும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். முகத்துவாரத்தில் மணல் திட்டு மூடியிருந்தாலோ, கடல் ஓதத்தில் (அன்றாடக் கடல்மட்ட ஏற்றத்தில்) ஏறியிருந்தாலோ தண்ணீர் நின்றுவிடும். அப்போது ஈ.சி.ஆருக்கும் கால்வாய்க்கும் நடுவிலுள்ள தாழ்வான இடங்கள் நிரம்பும். கடலுக்கு எதிரே உள்ள மணல்மேடு வறண்டு கிடக்க, ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது இதனால்தான். பள்ளத்தில் வீடு கட்டாதே என்று நம்ம பக்கம் சொல்வதில் பள்ளம் என்றால் ஓடை. இங்கே அந்த ஓடை அகலமாக, அசையாமல், அழகான காயலாகத் தெரியும். 'வாட்டர் வியூ' என்று விலை கூட்டி விற்கிறார்கள்.

மழையின் அளவையும் நம்ம ஊர்க் கண்ணால் பார்க்கக் கூடாது. ஈரோட்டில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 70 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரு நாளில் சுமார் 48. சாக்கடையும் மழைநீர்க் கால்வாயும் சரியாக இருக்கும் தெருவே இந்த அளவுக்குத் திணறும்.

இரண்டாவது வீட்டில் வளாகத்தின் உள்சாலை நான்கடி மண் கொட்டி உயர்த்தப்பட்டிருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறாது என்று விற்பனையாளர் சொன்னது பொய்யல்ல. ஆனால் வளாகத்திலிருந்து ஈ.சி.ஆருக்கு வரும் 400 மீட்டர் ஊராட்சிச் சாலை பழைய மட்டத்திலேயே கிடந்தது. அந்தச் சாலையோர மின்கம்பங்களில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் சேற்றுக்கோடு. அதாவது வீடு தீவாகும். இதய நோயுள்ள 64 வயதுக்காரருக்குத் தீவு ஆகாது.

சேற்றுக்கோட்டைப் புது வெள்ளை அடித்த சுவரில் தேடிப் பயனில்லை. டிரான்ஸ்பார்மர் மேடை, கோயில் மதில், ஆள் குடியில்லாத பழைய வீடு, பனைமரத்தின் அடி, இவற்றில் பாருங்கள். மட்டம் பார்க்கக் கைபேசி வரைபடத்தின் உயரக் கணக்கை நம்ப வேண்டாம். சில மீட்டர் முன்பின் இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தெருவின் நடுவிலிருந்து வீட்டுத் தளம் எத்தனை அங்குலம் உயரம், தெருமுனைப் பாலத்தின் அடிமட்டத்திலிருந்து தெரு எத்தனை அங்குலம் உயரம் என்ற இரண்டு அளவு வேண்டும். ஊர்ப்பெயரும் சாட்சி சொல்லும். தாங்கல், ஏரி, மடுவு, கழுவெளி என்று மனைப்பிரிவுக்கோ பக்கத்துப் புல எண்ணுக்கோ பெயர் இருந்தால் அங்கே தண்ணீருக்கு முந்தைய பாத்தியதை உண்டு. மேடு, திட்டு என்றால் கொஞ்சம் நிம்மதி.

160 மீட்டரின் விலை

முதல் வீடு விழுந்தது சட்டத்தில். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் வந்தது 1991 பிப்ரவரியில். பிறகு 2011, 2019-ல் புதிய அறிவிக்கைகள். கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இது செல்லும். உயர் ஓதக் கோடு என்பது நாம் மணலில் பார்க்கும் ஈரக்கோடு இல்லை. அனுமதி பெற்ற நிறுவனங்கள் அளந்து வரைந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு மையம் அவற்றில் ஒன்று. புல எண்ணைக் கொடுத்து, 1:4000 அளவில் வரைபடம் வாங்கினால் வீடு எந்த வகையில் வருகிறது என்பது கையில் எழுத்தாகக் கிடைக்கும். தரகர் கால்தப்படியால் அளந்து சொல்வதைக் கேட்டு 75 லட்சம் போடக் கூடாது.

நகர எல்லைக்குள் வளர்ந்துவிட்ட பகுதி இரண்டாம் வகை. அங்கே ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டும் கட்டலாம். ஊராட்சிப் பகுதி பெரும்பாலும் மூன்றாம் வகை. 2011 விதியில் அங்கே முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019 விதி இதை இரண்டாகப் பிரித்தது: 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் நெருக்கமான ஊர்களுக்குத் தடை 50 மீட்டர், மற்றவற்றுக்கு 200 மீட்டர். புதிய விதிப்படியான வரைபடம் அந்தப் பகுதிக்கு ஒப்புதல் பெறும்வரை பழைய விதியே நடைமுறை. "இப்பெல்லாம் 50 மீட்டர்தாங்க" என்று சொல்லி விற்கிறவர் இந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை.

160 மீட்டரில் இருந்த அந்த வீட்டின் தரைத்தளம் 1988-ல் ஊராட்சி அனுமதியோடு கட்டியது. அதைப் பழுது பார்த்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் 2009-ல் எழுப்பிய மாடிக்கு எந்தத் தாளும் இல்லை. தடைப் பகுதியில் பழைய கட்டடத்தின் அளவைக் கூட்ட முடியாது. கடல் தெரிவதே அந்த மாடியிலிருந்துதான்! கொச்சி மரடில் இதே விதிகளை மீறிய நான்கு அடுக்குமாடி வளாகங்கள் உச்சநீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. அங்கே வீடு வாங்கியிருந்தவர்களிடமும் முறையாகப் பதிவான பத்திரம் இருந்தது.

கழிமுகத்தை ஒட்டிய வீட்டுக்கும் இதே மண்டலம் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. ஓதம் ஏறும் நீர்நிலையின் இரு கரையிலும் 2019 விதிப்படி 50 மீட்டர், அல்லது அந்தக் கழியின் அகலம், எது குறைவோ அது. கோடையின் உச்சத்தில் நீரின் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம்வரை ஓதத்தின் செல்வாக்கு என்று கணக்கு. இரண்டாவது வீட்டு வளாகத்தின் மேற்கு வரிசை வில்லாக்கள் இந்தக் கோட்டைத் தொட்டு நின்றன. மாமல்லபுரத்துக்குள் பார்ப்பவர்களுக்கு இன்னொரு கோடு: பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்று மட்டும். மாமல்லபுரமும் அதற்குத் தெற்கே உள்ள ஊர்களும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்டப் பகுதிக்குள் வருகின்றன; வீடு வாங்க அது தடையல்ல, ஆனால் ஒத்திகை, வெளியேற்ற வழி பற்றித் தெரிந்து வாங்க வேண்டும்.

புதன்கிழமை இரவு எட்டரை

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் காட்டுவது கேமராவை. உண்மையில் எண்ண வேண்டியது விளக்கு. ஈ.சி.ஆர். ஓரத்து வீடுகளில் பல, வார இறுதிக்கு மட்டும் திறப்பவை. சனிக்கிழமை வீடு பார்க்கப் போனால் தெருவில் கார், குழந்தைகள், சிரிப்பு. இந்தக் குடும்பமும் சனிக்கிழமைதான் போனது. மகன் வேலை முடிந்து புதன்கிழமை இரவு எட்டரைக்குத் தனியாகப் போய் எண்ணினார். முதல் வீட்டுப் பிரிவில் 22 மனை, அதில் ஒன்பது வீடு. இரண்டில் விளக்கு, அதில் ஒன்று காவல்காரக் குடும்பம். வில்லா வளாகத்தில் 64-க்கு 17. பழைய தெருவில் 41 வீட்டுக்கு 36.

மூன்று வெவ்வேறு வாரநாள், மழைக்காலத்தில் ஒன்று, பள்ளி விடுமுறை இல்லாத நாள் என்று எண்ணினால் கணக்கு ஏமாற்றாது. அதைச் சரிபார்க்க இன்னும் எளிய வழிகள் உண்டு. காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் போடுபவரிடம் அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குப் போடுகிறார் என்று கேட்கலாம். இஸ்திரி வண்டிக்காரருக்கு எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது அத்துப்படி. விற்பவரிடம் கடைசி ஆறு மின்கட்டண விவரத்தைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக ஒன்றுமே கட்டாத வீடு என்றால் அங்கே யாரும் வாழவில்லை. "நாங்க பத்து வருசம் சந்தோசமா இருந்தோம்" என்ற பேச்சுக்கு அந்த மின் அட்டையே பதில்.

வில்லா வளாகத்தில் காவலர் இருந்தார், உண்மை. ஆனால் அவருடைய வேலை வாசலில் பெயர் எழுதுவது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் வர வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து ஐந்து வில்லாவும் பூட்டியிருந்தன. ஆள் குறைவு என்றால் பராமரிப்புக் கட்டணமும் ஒழுங்காக வசூலாகாது. முதலில் குறைவது இரவுக் காவலர்தான். சங்கத்தின் கடைசி இரண்டு ஆண்டு வரவு செலவைக் கேட்டு வாங்கி, நிலுவை எத்தனை வீடு என்று பார்ப்பது நீச்சல் குளத்தைப் பார்ப்பதைவிட முக்கியம்.

மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பதைச் செவ்வாய் மதியம் அளந்து பயனில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, சென்னை திரும்பும் கூட்டத்தில் ஈ.சி.ஆர். நகராமல் நிற்கும்போது வண்டி ஓட்டிப் பாருங்கள். இரவும் பகலும் இதய சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு முதல் வீட்டிலிருந்து 55 நிமிடம் ஆனது. மூன்றாவது வீட்டிலிருந்து, உள்வழிச் சாலையில், 25.

இனி நட்பு. இது விற்பவர் தரும் பொருள் அல்ல. வாங்குபவரும் பாதி கொண்டுவர வேண்டும். கொங்கில் ஐந்து வயதுக் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்போம். இந்தக் கரையில் எதிர்வீட்டு ஆயா முதல் நாளே "இன்னா, எப்ப வந்த?" என்று ஒருமையில் கேட்பார். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு முகம் திருப்பியவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் தனியாளாக இருந்திருக்கிறார்கள். அது பாசத்தின் ஒருமை.

மீனவக் குப்பத்தின் பக்கத்தில் வீடு என்றால் கடற்கரை யாருடையது என்பதில் தெளிவு வேண்டும். படகு நிறுத்த, வலை உலர்த்த, கருவாடு காய வைக்க அந்த மணலை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள். கடலோர விதிகளே அந்த வழக்காறுகளை ஏற்றிருக்கின்றன. புதிதாக வருகிற பணக்கார வீடு கடலுக்குப் போகும் நடைபாதையை வேலி போட்டு அடைப்பதுதான் பெரும்பாலான சச்சரவின் தொடக்கம். முதல் வீட்டின் வடக்குச் சுவர் அப்படி ஒரு பாதையில் மூன்றடி ஏறியிருந்தது. விற்பவர் அதைச் சொல்லவில்லை, டீக்கடையில் சொன்னார்கள். விடியற்காலை நான்கு மணிப் படகுச் சத்தமும் கருவாட்டு வாசமும் ஒத்துவராதவர்கள் அங்கே வாங்காமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

தெருவின் குணம் அறிய ஒரு கேள்வி போதும்: "இங்க யாருக்கு வீடு வாடகைக்குத் தர மாட்டாங்க?" உடனே ஒரு நீளப் பட்டியல் வந்தால் அந்தத் தெருவின் அன்புக்கு நிபந்தனைகள் அதிகம். பழைய தெருவில் கேட்டபோது "ராத்திரி பைக்ல கத்திக்கிட்டு வர்ற பசங்களுக்கு" என்றார் மளிகைக் கடைக்காரர். காவல் நிலையத்தில் விசாரித்ததில் அந்தத் தெருவில் பூட்டிய வீட்டுத் திருட்டு ஒன்று, அதுவும் குடும்பமே ஊருக்குப் போயிருந்த பொங்கல் வாரத்தில். வெளியூர் போகும்போது நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இரும்பும் உப்பும்

மூன்றாவது வீட்டின் குறை கட்டடத்தில் இருந்தது. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ளக் கான்கிரீட் பிளந்து விழும். ஐ.எஸ். 456 விதிநூல் கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் 'கடுமை' வகையில் வைத்து, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் குறைந்தது எம்30 தரமும் கேட்கிறது. கடல்நீர்த் தூவானம் படும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர், எம்35. நம்ம ஊரில் வீட்டுக்கு 20 மில்லிமீட்டர் மூடல் போதும் என்று கட்டிப் பழகிய கொத்தனார் இங்கே கட்டினால் பத்தாண்டில் சன்ஷேடு உதிரும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி முனை, மொட்டைமாடித் தொட்டியைத் தாங்கும் தூண், குளியலறைக் கூரை. கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோட்டு விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே துரு. சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் 'ணங்' என்னும். பிரிந்தது பானைபோல் ஒலிக்கும். உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசல் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், நிறம் மாறாத பகுதி கம்பியைக் காக்கும் சக்தியை இழந்துவிட்டது. இந்த வீட்டில் மூன்று சன்ஷேடும் ஒரு பால்கனி விளிம்பும் கெட்டிருந்தன. தூண்களும் உத்திரங்களும் நன்றாக இருந்தன. தூண் கெட்டிருந்தால் பேச்சே இல்லை, விட்டுவிட வேண்டியதுதான்.

விற்பவர் சிமெண்ட் பூசிச் சாயம் அடித்துத் தருவதாகச் சொன்னார். அது கூடாது. துருவின் மேல் பூசினால் அடுத்த மழைக்கு மறுபடி விழும். கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும்வரை கொத்தி எடுத்து, துருவில்லாத கம்பி தெரியும்வரை நீளத்திலும் போய், கம்பித் தூரிகையால் பளபளப்பாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, துருத்தடுப்பு பிரைமர், பிணைப்புப் பூச்சு, பிறகு பாலிமர் கலந்த கலவை. மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி. மதிப்பீடு 3.2 லட்சம். ஜன்னல் கம்பி, கைப்பிடி மாற்றுவதானால் சாதாரண 304 ரகத் துருப்பிடிக்கா எஃகும் கடலோரத்தில் தேநீர் நிறத் துருக்கறை பிடிக்கும். 316 ரகம் தாங்கும். திருகாணியும் அதே ரகமாக இருக்க வேண்டும். அதில் மிச்சம் பிடிக்கப் போய்க் கைப்பிடி முழுவதும் கறை ஒழுகும்.

தண்ணீரில் கொங்குப் பழக்கம் நேர் எதிரி. நம்ம பக்கம் தண்ணீர் இல்லையென்றால் இன்னும் ஆழம் போடு, 800 அடி, 1,000 அடி. கடலோரத்தில் நன்னீர் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும்; மேலே இறைத்து ஓர் அடி இறங்கினால் அடியில் உப்பு 40 அடி ஏறும். ஆழ்துளை போடப் போட உப்புக்குப் போகிறீர்கள். மணல்மேட்டுத் தெருக்களில் 15, 20 அடி உறைக்கிணறு கொடுக்கும் தண்ணீரே நல்ல தண்ணீர். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உகந்தது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஜனவரியில் எடுத்த அளவு: முதல் வீட்டு ஆழ்துளையில் 2,900, வில்லாவில் 4,600, பழைய தெருவின் உறைக்கிணற்றில் 780. மழை முடிந்த ஜனவரி எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மே மாதம்தான் நிஜம்.

பத்திரம்

இது எல்லா ஊருக்கும் பொது என்பதால் சுருக்கமாக. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புல வரைபடம், கட்டட அனுமதி. மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசலை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பதிவாகாத அடகு வில்லங்கத்தில் வராது. அ-பதிவேட்டில் புறம்போக்கு, கோயில் நிலம், வக்ஃப் என்றிருந்தால் விலகுங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனையா, வரன்முறை ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலான இடத்திலோ எட்டு வீட்டுக்கு மேலாகவோ கட்டும் புதுத் திட்டமென்றால் ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம்.

முடிவு

பழைய தெருவின் வீட்டையும் உடனே வாங்கவில்லை. அதே தெருவில் வேறொரு வீட்டை ஐப்பசி முதல் மார்கழி வரை வாடகைக்கு எடுத்தார்கள். வடகிழக்குப் பருவமழை ஒன்றைத் தெருவில் இருந்தே பார்ப்பதற்கு ஈடான ஆய்வு கிடையாது. ஒரு கனமழையில் தெருமுனையில் முக்கால் அடி தண்ணீர் நின்று ஐந்து மணி நேரத்தில் வடிந்தது. வீட்டுத் தளம் தெருவைவிட 26 அங்குலம் மேலே. மின்சாரம் ஒருமுறை 19 மணி நேரம் போனது. அந்த இரவு பின்வீட்டிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்கோடு சாப்பாடும் வந்தது. அந்த அம்மாவுக்குத் திரும்பக் கொடுத்த நாட்டுச் சர்க்கரையில்தான் பேச்சு தொடங்கியது என்று மகன் சொல்கிறார்.

78 லட்சம் கேட்ட வீடு, கான்கிரீட் மதிப்பீட்டைக் காட்டியபின் 73.5-க்கு முடிந்தது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 6.62 லட்சம். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீத வருமான வரியான 73,500-ஐ விற்பவர் தொகையில் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. இதைத் தவறவிட்டுப் பின்னால் அபராதம் கட்டியவர்கள் ஏராளம். பழுதுச் செலவும் சேர்த்து மொத்தம் 83.32 லட்சம்.

மே கடைசியில் உறைக்கிணற்றுத் தண்ணீரை மறுபடி அளந்தார்கள். 1,150. குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் இது. அந்த வாரமே ஒருவர் வந்து, 300 அடிக்குப் போர் போட்டால் தண்ணீர் கொட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெருந்துறைக்காரருக்கு அரை மனம். வீட்டம்மா வேண்டாங்க என்று சொல்லிவிட்டார்.